அருமண்: ஒரு வேதியியல் சொல் மணவாளக்குறிச்சியில் மணலாக மாறிய கதை

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ‘ரேர் எர்த்’ வகையைச் சேர்ந்த 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகியவையே அவை. மின்சாரக் கார் மோட்டார் செய்கிறவர்கள் காந்தத்துக்குத் திண்டாடத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து தமிழ்ச் செய்திகளில் ஒரே பொருளுக்கு ஐந்தாறு பெயர்கள் புழங்குகின்றன: அரிய வகை மண், அரிய மணல், அரிய பூமித் தாது, அரிய வகைக் கனிமம், அருமண்.

குமரி மாவட்டத்து வாசகருக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். மணவாளக்குறிச்சி கடலோரத்தில் இருக்கும் பொதுத்துறை ஆலையைப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாக ‘அரிய மணல் ஆலை’ என்றே எழுதிவருகின்றன. களியக்காவிளையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மலையாளப் பத்திரிகைகள் அதே பொருளை ‘அபூர்வ பௌம மூலகங்கள்’ என்கின்றன. இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் பூகோளம். மூலச்சொல்லை உண்டாக்கியவர்கள் இந்த இரண்டையும் நினைக்கவில்லை.

பெயரில் தொடங்கும் பிழை பெயரோடு நிற்பதில்லை. ‘நம் கடற்கரையில் கருமணல் குவிந்து கிடக்கும்போது காந்தத்துக்கு ஏன் சீனாவை நம்ப வேண்டும்?’, ‘கதிர்வீச்சு வருவது அரிய மண்ணிலிருந்தா?’, ‘மணலை அள்ளினால் கதிர்வீச்சு கூடுமா, குறையுமா?’ ஆகிய கேள்விகள் ஊரில் திரும்பத் திரும்ப எழுகின்றன. இவற்றுக்குப் பதில் சொல்ல, ‘ரேர் எர்த்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘எர்த்’: சுட்டபின் மிஞ்சும் நீறு

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வேதியியலில் ‘எர்த்’ ஒரு கலைச்சொல். ஒரு பொருளை அந்த வகுப்பில் சேர்க்க மூன்று சோதனைகள் இருந்தன.

1. தண்ணீரில் கரையக் கூடாது, அல்லது மிகக் கொஞ்சமே கரைய வேண்டும்.
2. அன்றைய உலைச் சூட்டில் உருகக் கூடாது, ஆவியாகவும் கூடாது.
3. கரியோடு சேர்த்துச் சுட்டாலும் அதிலிருந்து உலோகம் பிரியக் கூடாது.

இந்த மூன்றிலும் தேறிய வெள்ளை அல்லது வெளிர்நிறப் பொடிதான் ‘எர்த்’. சுண்ணாம்பு, மக்னீசியா, பேரைட்டா, அலுமினா, சிலிக்கா ஆகிய ஐந்தையும் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1789இல் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் இந்த வகுப்பில்தான் வைத்தார். இவை உண்மையில் தனிமங்களாக இருக்காது, ஏதோ உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்தவையாக இருக்கும் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்திச் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தையும், மக்னீசியாவிலிருந்து மக்னீசியத்தையும் பிரித்தபோது அந்தச் சந்தேகம் உறுதியானது. ஆக, ‘எர்த்’ என்று அவர்கள் சொன்னது இன்றைய மொழியில் உலோக ஆக்சைடு.

தமிழில் இதற்கு நேரான பழக்கம் ஏற்கெனவே உண்டு. சிப்பியைக் காளவாயில் வேகவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. அதைச் சுண்ணாம்பு என்கிறோம், பழைய வழக்கில் நீறு என்கிறோம். சித்த மருத்துவர் உலோகத்தையோ சிப்பியையோ புடமிட்டு எடுக்கும் பற்பமும் ஏறத்தாழ இதே வகைப் பொருள்தான். ‘எர்த்’ என்ற சொல்லை மொழிபெயர்க்கும் வேலை அன்று குமரி நாட்டு வைத்தியர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால், மண் என்ற பக்கமே போகாமல் ‘நீறு’ என்று எழுதியிருப்பார் என்றே தோன்றுகிறது.

பள்ளிப் பாடநூலில் வரும் ‘காரமண் உலோகங்கள்’ என்ற தொடரும் இதே குடும்பம். சுண்ணாம்பு சுட்டாலும் உருகாது, ஆனால் தண்ணீரில் சிறிது கரைந்து நாக்கைப் பொத்துப்போகச் செய்யும் காரத்தன்மையைக் காட்டும். உருகாத ‘எர்த்’ குணமும் கரையும் காரக் குணமும் சேர்ந்திருப்பதால் அது ‘கார எர்த்’. அந்த இடத்தில் ‘மண்’ என்பதை யாரும் வயல் மண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. ‘ரேர் எர்த்’தில் மட்டும்தான் அது தடுக்கிவிடுகிறது.

இந்த ‘எர்த்’தைக் கண்ணால் பார்க்க எளிய பொருள் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில். புதிதாக வாங்கும்போது அது ஒரு சின்னத் துணிப்பை. தோரியம் நைட்ரேட்டும் சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்தியது. முதல் தடவை தீ வைத்ததும் துணி எரிந்து போகிறது, நைட்ரேட்டுகள் ஆக்சைடாகின்றன. பையின் வடிவம் மட்டும் வெள்ளைச் சாம்பல் கூடாக நிற்கிறது. விரல் பட்டால் உதிரும். ஆனால் வெண்சூட்டில் மணிக்கணக்காக எரிந்தாலும் உருகாது. தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் 1891இல் கண்ட விகிதம் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. சீரியம் இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கும், கூடினாலும் மங்கும். மேண்டிலில் மிஞ்சி நிற்கும் அந்தச் சாம்பல்தான் 18ஆம் நூற்றாண்டுக்காரர் சொன்ன அசல் ‘எர்த்’.

‘ரேர்’: இடம்விட்டுக் கிடப்பது

‘ரேர்’ லத்தீன் ‘ராருஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ‘நெருக்கமில்லாத, இடைவெளிவிட்டுக் கிடக்கிற’. பயிர் நெருக்கமில்லாமல் கலக்கமாக நிற்பதை நாம் சொல்வது போல. ‘கிடைத்தற்கரிய’ என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

1787இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் அருகே இட்டர்பி என்ற சிற்றூரின் கல்குவாரியில் கார்ல் அக்செல் அரேனியஸ் என்ற ராணுவ அதிகாரி கனமான கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794இல் யோஹான் கடோலின் என்ற வேதியியலாளர் அதைப் பகுத்துப் பார்த்து, அதில் 38 விழுக்காடு அதுவரை அறியாத ஒரு ‘எர்த்’ இருப்பதாக அறிவித்தார். சுண்ணாம்பும் அலுமினாவும் எங்கும் கிடைக்கும் ‘எர்த்’கள். இந்தப் புதியது ஒரே ஒரு குவாரியின் ஒரே ஒரு கல்லில் கிடைத்தது. அதனால் அபூர்வ ‘எர்த்’. 1803இல் சுவீடனின் இன்னொரு சுரங்கமான பாஸ்ட்நாஸிலிருந்து வந்த கல்லில் இரண்டாவது ‘எர்த்’ கிடைத்தது. 1801இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்த சீரிஸ் என்ற குறுங்கோளின் நினைவாக அதற்குச் சீரியா என்று பெயர் வைத்தார்கள். அன்று கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் ‘ரேர்’ என்பது நியாயமான அடைமொழிதான்.

பிற்பாடு அளந்து பார்த்தபோது கணக்கு மாறியது. புவியோட்டில் சீரியம் ஏறத்தாழ செம்பின் அளவுக்கு இருக்கிறது. நியோடிமியம் ஈயத்தைவிட அதிகம். இயற்கையில் நிலையாக இருப்பவற்றுள் மிகக் குறைந்த அளவில் உள்ள தூலியம்கூட வெள்ளியைவிட அதிகம். ஆனால் செம்பைப் போலவோ வெள்ளியைப் போலவோ இவை ஓரிடத்தில் செறிந்து தாதுப் படிவாகச் சேருவது குறைவு. கிரானைட்டிலும் களிமண்ணிலும் சிறுசிறு அளவாகப் பரவிக் கிடக்கின்றன. ‘ராருஸ்’ என்பதன் பழைய பொருளை எடுத்துக்கொண்டால் பெயர் இன்றும் சரியாகவே பொருந்துகிறது.

பெயர்களே சொல்லும் பிரச்சினை: பிரிக்க முடியாமை

உண்மையான அருமை கிடைப்பதில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. தனிமங்களுக்கு வைத்த பெயர்களே இதற்குச் சாட்சி.

சீரியா ஒரே பொருள் என்று நினைத்திருந்தார்கள். 1839இல் சுவீடன் வேதியியலாளர் மோசாண்டர் அதற்குள் இன்னொன்று பதுங்கியிருப்பதைக் கண்டார். ‘ஒளிந்திருத்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லாந்தனம் என்று பெயர். 1841இல் லாந்தனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த வேறொன்றைப் பிரித்து, அது லாந்தனத்தின் இரட்டைப் பிள்ளை போல இருந்ததால் டிடிமியம் என்றார். கிரேக்கத்தில் ‘டிடிமோஸ்’ என்றால் இரட்டையர். 44 ஆண்டுகள் அது ஒரு தனிமமாகவே பட்டியலில் இருந்தது. 1885இல் மேண்டில் செய்த அதே கார்ல் ஆவர் அதை இரண்டாகப் பிளந்தார். பச்சை உப்பு தந்தது பிரசியோடிமியம், ‘பச்சை இரட்டை’. மற்றது நியோடிமியம், ‘புது இரட்டை’. இன்று காந்தத்துக்காக உலகம் தேடும் நியோடிமியத்தின் பெயரில் ‘இரட்டை’ என்ற சொல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பழைய தடுமாற்றம்தான்.

கடோலினின் ‘எர்த்’தும் இப்படியே உடைந்துகொண்டே போனது. இட்டர்பி என்ற ஒரே ஊர்ப்பெயரை வெட்டி வெட்டி இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என்று நான்கு தனிமங்களுக்கு வைத்தார்கள். சுவீடிஷ் மொழியில் ‘இட்டர்’ என்றால் புறம், ‘பி’ என்றால் ஊர். நம் பக்கத்துப் ‘புறச்சேரி’ போன்ற சாதாரணப் பெயர். ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருந்தன என்றால், எர்பியம், டெர்பியம் என்ற இரு பெயர்களும் 19ஆம் நூற்றாண்டிலேயே தங்களுக்குள் இடம் மாறிவிட்டன. மோசாண்டர் 1843இல் எர்பியா என்றது இன்று டெர்பியம், டெர்பியா என்றது இன்று எர்பியம். 1886இல் பிரிந்துவந்த டிஸ்ப்ரோசியத்துக்கு அதைப் பிரித்த பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரின் கிரேக்கப் பொருள் ‘எட்டுவதற்கு அரியது’. இயற்கையில் நிலையாகக் கிடைக்கும் அருமண் தனிமங்களில் கடைசியாகப் பிரிந்தது லுட்டீசியம், 1907இல். 1794இலிருந்து எண்ணினால் 113 ஆண்டு வேலை.

ஏன் இவ்வளவு பாடு? லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையுள்ள 15, அவற்றோடு ஸ்காண்டியம், இட்ரியம் ஆக மொத்தம் 17 தனிமங்கள். ஏறக்குறைய எல்லாமே 3 எலக்ட்ரான்களை இழந்து ஒரே மாதிரியான அயனிகளாகின்றன. அயனியின் ஆரம் லாந்தனத்தில் 103 பிக்கோமீட்டர் (ஒரு மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு 1 பிக்கோமீட்டர்), லுட்டீசியத்தில் 86. இடையில் 14 படிகளில் குறைவது மொத்தமே 17 பிக்கோமீட்டர், அதாவது அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். இதை வைத்துத்தான் பிரித்தாக வேண்டும். 1911இல் சார்ல்ஸ் ஜேம்ஸ் என்ற வேதியியலாளர் தூய தூலியம் பெற ஏறத்தாழ 15,000 முறை படிகமாக்கினார். இன்று அதே வேலையைக் கரைப்பான் பிரிப்பு முறையில் நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாகச் செய்கின்றன. ஒவ்வொரு தொட்டியிலும் அமிலக் கரைசலும் எண்ணெய் போன்ற கரைப்பானும் கலந்து மறுபடி பிரியும். ஒரு தொட்டியில் கிடைக்கும் ஆதாயம் துளியளவு. ஒரு தொட்டியில் அமிலத்தின் அளவு தவறினால் பின்னால் உள்ள அத்தனை தொட்டிகளும் மறுபடி நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். சீனாவின் கை ஓங்கியிருப்பது தாதுவைவிட இந்தத் தொட்டி வரிசைகளில்தான்.

மணல் இதற்குள் வந்தது எப்படி?

மேண்டில் தொழிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அது அன்று பெரும்பாலும் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் துகள்களைக் கண்டார். சோதித்தபோது மோனசைட். தேடிவந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலையைத் தொடங்கினார். தொண்டும் (தேங்காய் மட்டை) சகிரியும் (அதன் நார்) கடலோரக் காயலிலும் மணலிலும் புரண்டதால் நாரில் ஒட்டிப்போன மணல், ஓர் உலகத் தொழிலையே குமரிக் கரைக்கு இழுத்துவந்தது.

மோனசைட் என்ற பெயரும் கவனிக்கத் தக்கது. ‘தனித்திருத்தல்’ என்ற கிரேக்க வினையிலிருந்து 1829இல் பிரைட்ஹௌப்ட் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் வைத்தது. முதலில் கண்ட இடங்களில் அதன் படிகங்கள் ஒன்றிரண்டாகத் தனித்துக் கிடந்தன. மற்ற மணல்களின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். இல்மனைட், ரஷ்யாவின் இல்மென் மலையின் பெயர். சிர்கான், ‘பொன்னிறம்’ என்ற பாரசீகச் சொல்லோடு உறவுள்ளது. சிலிமனைட், பெஞ்சமின் சிலிமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெயர். கார்னெட், மாதுளை முத்துக்கான லத்தீன் சொல். கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் பலநிற மணலை, நின்றுபோன தேவி கல்யாணத்தின் அரிசியும் பருப்புமாகச் சொல்லும் ஐதிகம் உண்டு. அங்கே ஒருவர் சிவப்பு மணலில் மாதுளை முத்தைக் கண்டார், இங்கே கல்யாணச் சமையலைக் கண்டார்கள். மணியின் நிறமும் அளவும் அப்படித் தோன்றச் செய்கின்றன.

இந்த மணிகள் மலைப்பாறைகள் சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியே கடலுக்கு வந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை ஓங்கும்போது எடை குறைந்த வெள்ளை மணல் இழுபட்டுப் போகிறது, கனமானது கரையில் தங்குகிறது. ஜூன் தொடங்கிக் கரையில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிவது இதனால்தான். ஆலைக்குள் நடப்பது இதே இயற்கைச் சலிப்பின் தொடர்ச்சி:

1. எடை. வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட், சிர்கான் இரண்டும் 4.7 அளவில். மோனசைட் 5 வாக்கில். தண்ணீரோடு சுருள் சரிவுகளில் ஓடவிட்டால் கனமானவை உள்விளிம்பிலும் இலேசானவை வெளிவிளிம்பிலும் பிரிந்து ஓடும்.
2. மின்கடத்தல். உலர்த்திச் சூடாக்கிய மணலை உயர் மின்னழுத்த உருளையின்மேல் விழவிடுவார்கள். இல்மனைட்டும் ரூட்டைல் என்ற இன்னொரு கனிமமும் மின்சாரத்தைக் கடத்துவதால் எறியப்படும். மோனசைட், சிர்கான், கார்னெட், சிலிமனைட் உருளையில் ஒட்டிக்கொண்டு பின்னால் விழும்.
3. காந்தம். கடத்தாதவற்றில் கார்னெட்டும் மோனசைட்டும் வலுவான காந்தத்துக்கு இழுபடும். கார்னெட் கூடுதலாகவும் மோனசைட் குறைவாகவும் இழுபடுவதால், காந்த வலுவை மாற்றி இரண்டையும் பிரிக்கலாம். சிர்கானும் சிலிமனைட்டும் அசையாது.

இரண்டாம் படிதான் கடலோரத்தில் அதிகம் தொல்லை தருவது. மணியின்மேல் உப்புப் படலம் இருந்தாலோ, காற்றின் ஈரம் ஒட்டினாலோ, கடத்தாத மணியும் கடத்தும் மணியைப் போல நடந்துகொள்ளும், மோனசைட் இல்மனைட்டோடு கலந்துவிடும். அதனால்தான் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவதும், சூடு ஆறும் முன் உருளைக்கு அனுப்புவதும் கட்டாயம்.

இந்தப் படிகள் எதிலும் ஒரு கிராம் அருமண்கூடப் பிரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கனிமங்கள் மட்டுமே பிரிந்திருக்கின்றன. மோனசைட் ஒரு பாஸ்பேட். அதை அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் 140 டிகிரி செல்சியஸ் அளவில் வேகவைத்துப் பாஸ்பேட்டை நீக்க வேண்டும். மிஞ்சுவதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துத் தோரியத்தை ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி வரிசை. அந்த வேதிவேலை 1952இல் ஆலுவாயில் தொடங்கியது, பின்னர் ஒடிசாவிலும் நடக்கிறது. மணவாளக்குறிச்சியில் நடப்பது மணல் வேலை.

பெயர் எப்படி ஒட்டியது என்பது இப்போது தெளிவாகும். 1950இல் தொடங்கிய அரசு நிறுவனத்தின் பெயர் ‘இந்தியன் ரேர் எர்த்ஸ்’. ஊரார் வாயில் அது ஐ.ஆர்.இ. தமிழில் எழுதவேண்டி வந்தபோது, ‘எர்த்’ என்ற இடத்தில் கண்ணெதிரே குவிந்திருந்த மணலே வந்து உட்கார்ந்துகொண்டது. மேண்டில் காலத்தில் தோரியம் ஆக்சைடையும் ‘ரேர் எர்த்’ கணக்கிலேயே சேர்த்துப் பேசினார்கள் என்பது இன்னொரு முடிச்சு. இன்றைய வரையறையில் தோரியம் அந்த 17இல் இல்லை.

சொல் பிசகியதால் பிசகும் கணக்குகள்

*கதிர்வீச்சு.* மணலில் பொருட்படுத்த வேண்டிய கதிர்வீச்சு அருமண் தனிமங்களிலிருந்து வருவதில்லை. மோனசைட்டுக்குள் 8 முதல் 9 விழுக்காடு இருக்கும் தோரியம் ஆக்சைடிலிருந்தும், தோரியம் சிதைந்து உண்டாகும் ரேடியம், தோரான், தாலியம் முதலியவற்றிலிருந்தும் வருகிறது. தோரியத்தின் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டு. தோரான் வாயுவின் அரைவாழ்வு 1 நிமிடத்துக்கும் குறைவு. திறந்த வெளியில் அது தூரம் போகாது, காற்றோட்டமில்லாத கிடங்கில் தேங்கும். மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையில் கதிர்வீச்சின் அளவு குறையும் என்று மணல் எடுக்கும் திட்டத்தை ஆதரிப்போர் சொல்வது அந்த மணலைப் பொறுத்தவரை கணக்கில் சரி. ஆனால் தோரியம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே, எந்தக் கட்டுக்காவலில், எத்தனை காலம் வைக்கப்படுகிறது, மணலைக் கையாளும்போது எழும் தூசியை யார் சுவாசிக்கிறார்கள் என்பவை அந்தக் கணக்கில் அடங்காதவை. கிள்ளியூர் வட்டக் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பதில் கடலரிப்பும் குடிநீரும் வாழ்விடமும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றுக்குத் தோரியக் கணக்கு பதிலாகாது.

*டன் கணக்கு.* இந்தியாவில் 1 கோடியே 31.5 லட்சம் டன் மோனசைட் நிலத்தில் இருப்பதாகவும், அதில் 72.3 லட்சம் டன் அருமண் ஆக்சைடு அடங்கியிருப்பதாகவும் ஒன்றிய அரசு 2025இல் சொன்னது. செய்திகளில் இந்த இரண்டு எண்ணும் மாறி மாறி ‘அரிய மண் இருப்பு’ என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. முதலாவது கனிமம், இரண்டாவது ‘எர்த்’. உலோகமாக மாற்றினால் ஆக்சிஜன் எடை போய் சுமார் 60 லட்சம் டன்னாகும். மணல் எடையாகச் சொன்னால் எண் பல மடங்கு பெருகும். எந்த எண்ணைக் கண்டாலும் அது மணலா, கனிமமா, ஆக்சைடா, உலோகமா என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது.

*காந்தம்.* எளிய கணக்குக்காக, 100 கிலோ மணலில் 1 கிலோ மோனசைட் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. 1 கிலோ மோனசைட்டில் அருமண் ஆக்சைடு சுமார் 570 கிராம். தோரியம் ஆக்சைடு 80 முதல் 90 கிராம்.
2. அந்த 570 கிராமில் பாதிக்குச் சற்றுக் குறைவு சீரியம், கால்பங்கை ஒட்டி லாந்தனம். காந்தத்துக்கு உதவாத இவை இரண்டுக்கும் சந்தையில் விலை குறைவு.
3. ஐந்தில் ஒரு பங்கு நியோடிமியம் ஆக்சைடு, சுமார் 115 கிராம். உலோகமாக்கினால் சேதாரம் இல்லையென்றாலும் 98 கிராம்.
4. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தில் அருமண் பங்கு 30 விழுக்காடு. ஆக, கிடைப்பது 330 கிராம் காந்தம். ஒரு மின்சாரக் கார் மோட்டாருக்கு 1 முதல் 2 கிலோ வேண்டும்.

அதாவது ஒரு மோட்டாருக்கு 300 முதல் 600 கிலோ மணல். நியோடிமியத்தைப் பொறுத்தவரை நம் கரை மணல் உண்மையிலேயே பயன்படும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் சூடேறும்போது காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சிறிது டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் பட்டியலில் நியோடிமியம் இல்லை, இந்த இரண்டும் உண்டு. மோனசைட்டில் டிஸ்ப்ரோசியம் மேற்சொன்ன 1 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம். மணலை எவ்வளவு அள்ளினாலும் இந்த விகிதம் மாறாது.

எந்தத் தமிழ்ச் சொல்?

‘அருமண்’ என்பதே சரியான தேர்வு என்று கருதுகிறேன். ‘அரு’ என்ற அடை தமிழில் ‘எண்ணிக்கையில் குறைந்த’ என்பதைவிட ‘எளிதில் கைகூடாத’ என்ற பொருளையே முதலில் தருகிறது. அருஞ்சொல் என்றால் பொருள் காண்பதற்குக் கடினமான சொல். பிரிப்பதற்குக் கடினமான இந்தத் தனிமங்களுக்கு ஆங்கிலப் பெயரைவிட இது நன்றாகவே பொருந்துகிறது. ‘மண்’ என்பதைக் காரமண் என்பதில் வருவது போல ஆக்சைடு என்று கொள்ளலாம். கரையில் கிடப்பதைக் கருமணல் அல்லது தாதுமணல் என்றும், அதிலிருந்து எடுத்த கனிமத்தை மோனசைட் என்றும் தனித்தனியே சொல்லிவிட்டால், ‘அரிய மணல்’ என்ற தொடருக்கு வேலையே இல்லை.

‘மண்’ என்ற சொல் நேர்ப்பொருளிலேயே பொருந்தும் இடம் ஒன்று உண்டு. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பெருமளவு வருவது தென் சீனாவின் ஜியாங்சி பகுதியிலும் மியான்மரின் கச்சின் மலைகளிலும் உள்ள களிமண்ணிலிருந்து. கிரானைட் பாறை மழையிலும் வெயிலிலும் மக்கி உண்டான களி அது. அதில் அருமண் ஆக்சைடு 0.05 முதல் 0.2 விழுக்காடுதான். ஆனால் அயனிகள் களித்துகளின் மேற்பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மலைச்சரிவில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை விட்டால், அம்மோனியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அருமண் அயனிகள் கரைசலோடு கீழே வடிகின்றன. காஸ்டிக் சோடா, உலை எதுவும் வேண்டாம், தோரியத் தொல்லையும் மிகக் குறைவு. வடியும் கரைசலில் தப்பியது ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது, அம்மோனியா ஆண்டுக்கணக்கில் அந்தச் சரிவிலேயே தங்குகிறது.